நிரந்தர வேலை வேண்டாம் என்று சொன்னால் கனடாவில் ஈ.ஐ. கிடைக்குமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்காபரோவில் ஒரு வெயர்ஹவுஸ், ஒரு வருட ஒப்பந்தம். முடிய மூன்று கிழமை இருக்கும்போது சூப்பர்வைசர் சாப்பாட்டு அறைக்கு வந்து, "உங்களை பேமனன்ட் ஆக்கலாம் என்று இருக்கிறோம். சம்பளம் அதே, ஆனால் பின்னேர ஷிஃப்ட்" என்கிறார். பின்னேரம் பிள்ளையை யார் எடுப்பது என்று யோசித்துவிட்டு, "வேண்டாம், நன்றி" என்று சொல்லியாகிவிட்டது. ஒப்பந்தம் முடிந்து, ஈ.ஐ.க்கு விண்ணப்பம் போடக் கணினியைத் திறந்த பிறகுதான் வயிற்றைக் கலக்குகிறது. வேலை தந்தும் எடுக்காத ஆளுக்குக் காசு தருவார்களா?

நான் சட்டத்தரணி இல்லை. அக்கம்பக்கத்தவர்களுக்கு இந்த விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுத்துக் கொடுத்து, சட்டத்தையும் வாசிக்க வேண்டிவந்தது, அவ்வளவுதான். ஈ.ஐ. என்பது வேலைக் காப்புறுதி. மத்திய அரசின் திட்டம், சேர்விஸ் கனடா நடத்துகிறது. அதனால் கீழே உள்ளவை ஒன்ராறியோவுக்கு மட்டுமல்ல, எல்லா மாகாணத்துக்கும் பொருந்தும்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். கிடைக்குமா, கிடைக்காதா?

"வேண்டாம்" என்று எப்போது சொன்னீர்கள்? நான் முதலில் கேட்பது இதைத்தான்.

வேலையில் இருக்கும்போதே, அது முடியப்போகிறது என்று தெரிந்த நிலையில், அதற்குப் பதிலாகத் தந்த வேலையை மறுத்திருந்தால், நீங்களாகவே வேலையை விட்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். தக்க காரணம் இல்லையென்றால் ஒரு சதமும் இல்லை.

வேலை முடிந்து வீட்டில் இருக்கும்போது வந்த வேலையை மறுத்திருந்தால், அது தகுந்த வேலையை மறுத்த குற்றம். தண்டனை 7 முதல் 12 வாரக் கொடுப்பனவு. அதற்குப் பிறகு காசு வரும்.

ஒரே வேலை, ஒரே பதில், மூன்று கிழமை இடைவெளி. விளைவோ மலைக்கும் மடுவுக்கும். இதை முன்கூட்டியே தெரிந்து வைத்திருந்த ஒருவரையும் நான் இன்னும் காணவில்லை.

ஒப்பந்தம் தானாக முடிந்தது. நான் எங்கே வேலையை விட்டேன்?

நியாயமான கோபம்தான். ஆனால் ஈ.ஐ. சட்டத்தின் 29ஆம் பிரிவு "தானாக விடுவது" என்ற சொல்லுக்குள் வேறு சிலதையும் சேர்த்து வைத்திருக்கிறது. இல்லாமல் போகப்போகிற வேலைக்கு மாற்றாகத் தந்த வேலையை மறுப்பது அதில் ஒன்று. வேலை எந்த நாளில் முடிகிறதோ, அந்த நாளில் நீங்கள் விட்டதாகக் கணக்கு. நிரந்தர வேலையை மறுத்த ஒப்பந்தக்காரர்கள் சிக்குவது இந்த வரியில்தான்.

இதில் இன்னொரு கெடுதலும் இருக்கிறது. தக்க காரணமில்லாமல் விட்டதாக முடிவானால், அதற்கு முன்னர் உழைத்த மணிகளை அடுத்த முறை தகுதி பெறவும் எண்ண முடியாது. பூச்சியத்திலிருந்து தொடங்க வேண்டும். ஈ.ஐ. எடுக்கக் கடந்த 52 வாரத்தில் 420 முதல் 700 மணி வரை வேண்டும். உங்கள் பகுதியில் வேலையின்மை எவ்வளவு என்பதைப் பொறுத்து அது கூடும், குறையும்.

முன்பு இவ்வளவு கடுமை இருக்கவில்லை. 1993 வரை வேலையை விட்டவருக்கும் சில வாரங்கள்தான் வெட்டு. அந்த வருடம் சட்டத்தை மாற்றி முழுவதுமாக நிறுத்தினார்கள். வேலை முடிந்தபின் வந்த வேலையை மறுத்தவருக்கு மட்டும் வாரக்கணக்குத் தண்டனை இன்றும் நிற்கிறது.

ஆர்.ஓ.ஈ.யில் "ஏ" என்று போட்டிருக்கிறது. அப்போ பிரச்சினை இல்லைத்தானே?

ஆர்.ஓ.ஈ. என்பது வேலை முடிந்ததும் முதலாளி சேர்விஸ் கனடாவுக்கு அனுப்பும் வேலைப் பதிவு. அதன் 16ஆம் கட்டத்தில் காரணக் குறியீடு இருக்கும். "ஏ" என்றால் வேலை குறைவு அல்லது ஒப்பந்தம் முடிவு. "ஈ" என்றால் தானாக விட்டது. "கே" என்றால் மற்றவை.

"ஏ" நல்ல தொடக்கம், ஆனால் தீர்ப்பு இல்லை. 18ஆம் கட்டத்தில் குறிப்பு எழுத இடம் இருக்கிறது. "நிரந்தர வேலை கொடுத்தோம், ஏற்கவில்லை" என்று அங்கே ஒரு வரி இருந்தால், "ஏ"யைத் தாண்டித் தொலைபேசி வரும். உங்கள் ஆர்.ஓ.ஈ.யை மை சேர்விஸ் கனடா இணையக் கணக்கில் பார்க்கலாம். விண்ணப்பம் போடுமுன் 18ஆம் கட்டத்தைக் கட்டாயம் வாசியுங்கள். முதலாளி ஒன்று சொல்லி நீங்கள் வேறு சொன்னால், முதலில் சந்தேகப்படுவது உங்களைத்தான்.

7 முதல் 12 வாரம் என்றால் காசாக எவ்வளவு?

மணிக்கு 22.50 டொலர், கிழமைக்கு 40 மணி என்று வைப்போம். கிழமைக்கு 900. ஈ.ஐ. அதில் 55 வீதம், அதாவது 495 டொலர் (2025இல் உச்சம் 695). ஏழு வாரத்துக்கு 3,465, பன்னிரண்டு வாரத்துக்கு 5,940. ஒரு பேஸ்மென்ட் வாடகையை மனதில் வைத்துப் பாருங்கள்.

இதற்கு முன்னால் வழக்கமான ஒரு வாரக் காத்திருப்பும் இருக்கிறது. தண்டனை ஓடுகிறது என்பதற்காக ஈ.ஐ. எடுக்கக்கூடிய காலம் நீளாது. ஏழா பன்னிரண்டா என்பதை உங்கள் சூழ்நிலையைப் பார்த்து அதிகாரி முடிவெடுப்பார். அதனால் காரணம் முழுவதும் எடுபடாவிட்டாலும், அதைச் சொல்வதில் பலன் உண்டு. பன்னிரண்டு ஏழாகலாம்.

எந்தக் காரணம் எடுபடும்?

வேலை முடிந்தபின் மறுத்தவர் என்றால், அது உங்களுக்குத் "தகுந்த வேலை"யா என்பதே கேள்வி. விதிகள் பார்ப்பது மூன்றை. உங்கள் உடல்நிலை அந்த இடத்துக்குப் போய்வரவும் அந்த வேலையைச் செய்யவும் இடம் கொடுக்கிறதா? வேலை நேரம் குடும்பக் கடமைக்கோ மத நம்பிக்கைக்கோ முட்டுகிறதா? வேலையின் தன்மை உங்கள் மனச்சாட்சிக்கும் நம்பிக்கைக்கும் ஒத்துவருகிறதா? இவற்றோடு சம்பளமும் நிபந்தனைகளும் வரும், அதைத் தனியாகச் சொல்கிறேன். வேலைநிறுத்தம் நடக்கிற இடத்தில் வேலைநிறுத்தம் காரணமாக வந்த வெற்றிடத்தை மறுத்தால் யாரும் குறை சொல்ல முடியாது.

வேலையில் இருக்கும்போதே மறுத்தவருக்கு அளவுகோல் கடுமை. "எனக்கு நல்ல காரணம் இருந்தது" என்பது போதாது. எல்லாச் சூழ்நிலைகளையும் சேர்த்துப் பார்த்தால் உங்களுக்கு நியாயமான வேறு வழியே இருக்கவில்லை என்று காட்ட வேண்டும். சூழ்நிலைகளின் நீண்ட பட்டியல் சட்டத்திலேயே உண்டு: தொல்லை, பாகுபாடு, உடல்நலத்துக்கு ஆபத்தான வேலை, பிள்ளையையோ நெருங்கிய குடும்பத்தவரையோ பராமரிக்கும் கடமை, துணையோடு வேறு ஊருக்குக் குடிபெயர வேண்டிய நிலை, சம்பளத்தில் அல்லது வேலையில் பெரிய மாற்றம், அளவுமீறிய ஓவர்டைம், சட்டத்துக்கு முரணான நடைமுறைகள். பட்டியலில் இருக்கிற ஒன்றைச் சொல்லிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். "வேறு வழி தேடினீர்களா?" என்ற கேள்வி அதற்குப் பிறகும் இருக்கிறது.

தொடக்கத்தில் சொன்ன பின்னேர ஷிஃப்ட்டையே எடுப்போம். "பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லை" என்று மட்டும் சொன்னால் அதிகாரி வரிசையாகக் கேட்பார். பகல் ஷிஃப்ட் கேட்டீர்களா? பாடசாலைக்குப் பிந்திய பராமரிப்பில் இடம் தேடினீர்களா? கணவர் எத்தனை மணிக்கு வருவார்? எனக்குத் தெரிந்த ஒரு அக்கா வாயால் கேட்டதோடு விடாமல், மனேஜருக்கு மூன்று வரி மின்னஞ்சல் போட்டிருந்தார்: "இந்த வேலையைச் செய்ய எனக்கு விருப்பம். பின்னேரம் மூன்றரைக்குப் பிறகு மகனை எடுக்க வேறு ஆள் இல்லை. காலை ஷிஃப்ட்டில் இடம் இருந்தால் உடனே ஏற்கிறேன்." "இப்போது இல்லை" என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. பராமரிப்பு நிலையம் ஒன்றின் காத்திருப்புப் பட்டியலில் மகனின் பெயர் இருப்பதற்கான கடிதமும் கையில் இருந்தது. அந்த இரண்டு தாளும் போதுமாக இருந்தது.

சம்பளம் குறைத்துத் தந்தால் மறுக்கலாமா?

நீங்கள் வழமையாகச் செய்கிற அதே தொழில் என்றால், அந்தத் தொழிலில் நல்ல முதலாளிகள் கொடுக்கிற சம்பளத்தையும் நிபந்தனைகளையும்விடக் குறைந்தது தகுந்த வேலை இல்லை. ஆக ஒப்பிட வேண்டியது உங்கள் பழைய சம்பளத்தோடு மட்டுமல்ல, சந்தையோடும்தான். முந்தைய ஒப்பந்தம் அவசரத்துக்காகக் கூட்டிக் கொடுத்ததாக இருக்கலாம். அது 28, இது 26, சந்தை 25 என்றால் உங்கள் வாதம் மெலிந்துபோகும்.

வேறு தொழில் என்றால் தொடக்கத்தில் மறுக்க அதிக இடம் உண்டு. கணக்காளராக இருந்தவர் முதல் மாதமே கடைக் கல்லாவில் நிற்க வேண்டியதில்லை. ஆனால் நியாயமான காலம் கடந்தபின், வேறு தொழில் என்பதை மட்டும் காட்டித் தப்ப முடியாது.

இணையத்தில் "70 வீதச் சம்பளம் என்றாலும் எடுத்தே ஆக வேண்டும்" என்று வாசித்திருப்பீர்கள். அது 2013இல் வந்த விதி. அடிக்கடி ஈ.ஐ. எடுப்பவர், நீண்டகாலம் உழைத்தவர் என்று ஆட்களைப் பிரித்து 70, 80, 90 வீதம் என்று வைத்திருந்தார்கள். 2016 ஜூலையில் எடுத்துவிட்டார்கள். பழைய பக்கங்கள் மட்டும் சாகாமல் சுற்றுகின்றன.

பேமனன்ட் என்றால் கட்டிப்போட்ட மாதிரி. எனக்கு ஒப்பந்த வேலைதான் வசதி. அது காரணமாகுமா?

ஆகாது.

மார்கழியில் யாழ்ப்பாணம் போகிறேன். அதனால்தான் வேண்டாம் என்றேன்.

ஒவ்வொரு வருடமும் வருகிற கேள்வி. பயணம் நல்ல காரணமாக எடுபடுவது கடினம். அதோடு வேறு ஒரு பிரச்சினையும் சேரும். கனடாவுக்கு வெளியே நிற்கும் நாட்களுக்குப் பொதுவாக வழமையான ஈ.ஐ. இல்லை. நெருங்கிய உறவினரின் செத்தவீடு, கடும் நோயில் இருக்கிற நெருங்கிய உறவினரைப் பார்ப்பது போன்றவற்றுக்குத் தொடர்ந்து ஏழு நாள் வரை விலக்கு உண்டு, உண்மையான வேலை தேடலுக்குப் பதினான்கு நாள். அக்காவின் மகளின் கல்யாணம் இந்தப் பட்டியலில் இல்லை. போவதென்றால் போங்கள், ஆனால் இரண்டு கிழமைக்கு ஒருமுறை சேர்விஸ் கனடாவுக்குப் போடும் அறிக்கையில் வெளிநாட்டில் நின்றேன் என்று எழுதுங்கள். எல்லை கடந்த விவரம் அவர்களிடம் போகிறது.

படிக்கப் போவதற்காக மறுத்தால்?

சொந்த விருப்பத்தில் படிக்கப் போவதைத் தக்க காரணமாக எடுப்பதில்லை. அரசு வேலைத்திட்டம் ஒன்று உங்களைப் படிக்க அனுப்பினால் கதை வேறு. ஒன்ராறியோவில் பெற்றர் ஜொப்ஸ் ஒன்ராறியோ (முன்பு செக்கண்ட் கரியர்) வழியாகப் போகிறவர்கள், அனுமதி எழுத்தில் வரும்வரை வேலையை மறுக்கக் கூடாது. "விண்ணப்பித்திருக்கிறேன்" என்பது அனுமதி அல்ல.

நான் ஏஜென்சி ஆள். கம்பனி நேரடியாக எடுக்கிறேன் என்றது. மறுத்தேன்.

உங்கள் முதலாளி ஏஜென்சி, கம்பனி அவர்களின் வாடிக்கையாளர். மறுத்த பிறகும் அதே இடத்துக்கு ஏஜென்சி அனுப்பிக்கொண்டிருந்தால் நீங்கள் வேலை இழக்கவே இல்லை. ஈ.ஐ. பேச்சே எழாது.

சிக்கல் வருவது, "நேரடியாக வராவிட்டால் இந்த மாதக் கடைசியோடு இங்கே இடம் இல்லை" என்று அவர்கள் முதலே சொல்லியிருந்தால்தான். அப்போது முடியப்போகும் வேலைக்கு மாற்றை மறுத்தவர் என்ற கண்ணோட்டம் வந்துவிடும். ஏஜென்சியிடம் உடனே "வேறு இடம் தாருங்கள், தயாராக இருக்கிறேன்" என்று குறுஞ்செய்தி அனுப்பி அதை அழிக்காமல் வைத்திருங்கள். சிலவேளை மறுத்ததற்கு உண்மைக் காரணம், நேரடியாக எடுத்தால் மணிச் சம்பளம் குறைகிறது என்பதாக இருக்கும். வெட்கப்படாமல் அதைச் சொல்லுங்கள், தொகையோடு.

வேறு வேலை கிடைக்கப்போகிறது என்று நம்பி மறுத்தேன். அது கைகூடவில்லை.

விரைவில் வேறு வேலை கிடைக்கும் என்ற நியாயமான உறுதி சட்டப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் உறுதி என்றால் உறுதி. யார் முதலாளி, என்ன வேலை, எப்போது தொடக்கம் என்று தெரிந்திருக்க வேண்டும். இன்டர்வியூவில் நன்றாகச் சிரித்துக் கதைத்தார்கள் என்பது உறுதியாகாது. தொடக்கத் திகதியோடு கடிதம் வந்து, பிறகு அந்தக் கம்பனி பின்வாங்கியிருந்தால் உங்கள் பக்கம் பலமானது.

பேசாமல் எடுத்துவிட்டு, இரண்டு கிழமையில் விட்டால்?

இந்த யோசனையைச் சொல்ல எப்போதும் ஒரு மாமா இருப்பார். கேட்காதீர்கள். ஏற்கெனவே வீட்டில் இருந்தவர் என்றால், மறுத்திருந்தால் அதிகபட்சம் பன்னிரண்டு வாரம். எடுத்துவிட்டு விட்டால் தானாக விட்டவர், ஒன்றும் இல்லை, பழைய மணிகளும் போச்சு. நல்லெண்ணத்தோடு எடுத்து, சொன்ன வேலை ஒன்று, செய்யவைத்தது வேறு என்றால் அதைச் சொல்லி வாதாட இடம் உண்டு. திட்டம் போட்டு எடுத்தவருக்கு இல்லை.

கம்பனி கைமாறியது. புது முதலாளியிடம் போக மறுத்தேன்.

இதையும் அதே 29ஆம் பிரிவு தானாக விட்டதாகவே எண்ணுகிறது. மேலே சொன்ன காரணங்களே இங்கேயும்.

சேர்விஸ் கனடாவிலிருந்து ஃபோன் வந்தால் என்ன சொல்வது?

நடந்ததைச் சொல்லுங்கள், திகதியோடு. பஸ்ஸில் நின்றபடி பதில் சொல்லாதீர்கள். "இப்போது கதைக்க முடியாது, எத்தனை மணிக்கு எடுக்கலாம்?" என்று கேட்கலாம். ஆங்கிலத்தில் தடுமாறினால் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். நான் பார்த்த கேஸ்களில் பாதி கெட்டது ஒரு சொல்லால். "ஐ டிட் நொட் வோன்ட்" என்று சொல்லிவிடுவார்கள். மனதில் இருந்தது "எனக்கு முடியவில்லை", வாயில் வந்தது "எனக்கு விருப்பமில்லை". அதிகாரி தட்டச்சு செய்வது வாயில் வந்ததை. பிறகு மேன்முறையீட்டில் அந்தக் குறிப்புத்தான் முன்னால் கிடக்கும்.

முதலாளியையும் கேட்பார்கள். தானாக விட்டாரா என்ற கேள்வியில் இரண்டு பக்கச் சான்றும் சமமாக நின்றால், சந்தேகத்தின் பலன் உங்களுக்கே என்று சட்டத்தின் 49ஆம் பிரிவு சொல்கிறது. அதனால் கையில் ஒரு தாள் இருந்தாலும் தராசு சாயும்.

மறைத்துவிடலாமே என்று நினைத்தால்: கொடுத்த காசைத் திரும்பக் கேட்க அவர்களுக்குச் சாதாரணமாக 36 மாதம் அவகாசம், பொய் சொல்லியிருந்தால் 72 மாதம். ஒவ்வொரு பொய்க்கும் உங்கள் வாரக் கொடுப்பனவின் மூன்று மடங்கு வரை அபராதமும் விதிக்கலாம்.

"தகுதி இல்லை" என்று கடிதம் வந்துவிட்டது.

30 நாளுக்குள் மறுபரிசீலனை கேளுங்கள். கட்டணம் இல்லை, படிவம் சின்னது. முதலில் கடிதத்தில் எந்தக் காரணம் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். "தானாக விட்டது" என்றா, "தகுந்த வேலையை மறுத்தது" என்றா? உங்களுக்கு வேலை தரப்பட்டது ஒப்பந்தம் முடிந்த பிறகு என்றால், முதல் காரணமே பொருந்தாது. திகதியைக் காட்டினால் முழு இழப்பு ஏழு, பன்னிரண்டு வாரமாகக் குறையும் வாய்ப்பு இருக்கிறது. இதைக் கவனிக்காமல் "ஐயா, நான் ஏழை" என்று எழுதிய கடிதங்களைத்தான் அதிகம் கண்டிருக்கிறேன்.

மறுபரிசீலனையிலும் தோற்றால் சார்பற்ற தீர்ப்பாயத்துக்குப் போகலாம். வழி கடிதத்திலேயே இருக்கும். ஒன்ராறியோவில் வருமானம் குறைந்தவர்களுக்குச் சமூகச் சட்ட மையங்கள் இலவசமாக உதவுகின்றன. உங்கள் தொகுதி மத்திய எம்.பி.யின் அலுவலகத்திலும் ஈ.ஐ. கோப்பு எங்கே நிற்கிறது என்று கேட்டுத் தருவார்கள்.

எப்படியும் தரமாட்டார்கள். விண்ணப்பம் போடாமலே விடலாமா?

போடுங்கள். கடைசி வேலை நாளிலிருந்து நான்கு வாரத்துக்குள். பிந்தினால் அந்த வாரங்களும் போய்விடலாம். முடிவெடுக்க வேண்டியது அவர்கள், சாப்பாட்டு மேசையில் நீங்கள் இல்லை. முடிவு வரும்வரை இரண்டு கிழமைக்கு ஒருமுறை அறிக்கையும் போடுங்கள், வேலை தேடிய விவரத்தையும் எழுதி வையுங்கள்.

இன்னும் பதில் சொல்லவில்லை. நாளை காலை சொல்ல வேண்டும்.

அப்போ நல்ல நேரத்தில் வந்திருக்கிறீர்கள். சம்பளம், ஷிஃப்ட், இடம், தொடங்கும் திகதி எல்லாவற்றையும் எழுத்தில் கேளுங்கள். வாயால் சொன்னதை மறுத்தால் என்ன வேலையை மறுத்தீர்கள் என்று பிறகு நிறுவ முடியாது. எது உங்களுக்கு ஒத்துவரவில்லையோ அதை மட்டும் மாற்ற முடியுமா என்று மின்னஞ்சலில் கேளுங்கள். "முடியாது" என்று பதில் வந்தால் அதைச் சேமியுங்கள். பதிலே வராவிட்டால் அடுத்த நாள் இன்னொரு தடவை கேட்டு, அதையும் சேமியுங்கள்.